வங்கிகளை அட்டையில் வெட்டி எடைபோட்டுப் பார்த்தோம்

ஜே.பி.மார்கன் என்ற அமெரிக்க வங்கி 2009 ஜனவரியில் தயாரித்த ஒரு படம் எங்கள் வியாசர்பாடி படிப்பகத்தின் வாட்ஸப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. உலகின் பெரிய வங்கிகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வட்டம் போட்டிருப்பார்கள். பெரிய வட்டம் 2007 இரண்டாம் காலாண்டில் அந்த வங்கியின் சந்தை மதிப்பு, அதாவது அதன் எல்லாப் பங்குகளின் மொத்த விலை. சின்னது 2009 ஜனவரி 20-ஆம் தேதி மதிப்பு. சிட்டிகுரூப் 255 பில்லியன் டாலரிலிருந்து 19 பில்லியனுக்கு இறங்கியிருந்தது. ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து 120-லிருந்து 4.6-க்கு. வந்த படத்தில் தேதியை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். அதனால் பலரும் இது இந்த வாரத்துச் செய்தி என்றே நினைத்துக்கொண்டார்கள்.

அன்று சாயந்திரமே படிப்பகத்தில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "இன்னா தம்பி, பேங்கே இம்மாத்தூண்டு ஆயிடுச்சா?" என்று ஒருவர். "அப்போ நம்ம துட்டு?" என்று மகளிர் குழு அக்கா ஒருவர். போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பையன்களில் ஒருவன் அமெரிக்காவே காலி என்றான். நான் பாரிமுனையில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். படத்தை உற்றுப் பார்த்ததும் இதை வாயால் விளக்கிப் பிரயோஜனமில்லை, கையால் செய்து காட்ட வேண்டும் என்று தோன்றியது. அந்த வேலையின் பதிவுதான் இது.

படத்தில் இருந்த கோளாறு இதுதான். வட்டத்தின் விட்டத்தை எண்ணுக்கு ஏற்றபடி எடுத்திருந்தார்கள். 255-க்கு 255 அளவு விட்டம், 19-க்கு 19 அளவு விட்டம். ஆனால் கண் விட்டத்தைப் பார்ப்பதில்லை, நிறைந்திருக்கும் பரப்பைப் பார்க்கிறது. விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசி ஆகிவிடும். சிட்டிகுரூப்பின் மதிப்பு உண்மையில் 13 மடங்கு சொச்சம் சுருங்கியது. படத்தில் பரப்பு 180 மடங்கு சுருங்கித் தெரிந்தது. ஸ்காட்லாந்து வங்கி 26 மடங்கு சுருங்கியதற்கு, பரப்பு 680 மடங்கு. இந்தத் தப்பை அப்போதே பலர் சுட்டிக்காட்டினார்கள், திருத்திய படங்களும் வந்தன. ஆனாலும் கைக்குக் கை மாறி எங்களிடம் வந்தது பழைய படம்தான்.

வேண்டுமென்றே யாரையோ கவிழ்க்கப் போட்ட படம் என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஜே.பி.மார்கன் தன் சொந்த வட்டத்தையும் இதே முறையில்தான் போட்டது. அவர்கள் மதிப்பு 165-லிருந்து 85-க்கு, அதாவது ஏறக்குறைய பாதிக்கு வந்திருந்தது. படத்திலோ கால்வாசியாகத் தெரிந்தது. தன்னையே இவ்வளவு மோசமாகக் காட்டிக்கொள்ள எந்த வங்கியும் ஆசைப்படாது.

சரி, வேலைக்கு வருவோம்.

ஆண்டர்சன் தெருவில் பைண்டிங் செய்கிறவர்கள் வாங்கும் சாம்பல் நிற மில் போர்டு ஒரு முழு அட்டை வாங்கினேன். ஒரு மில்லிமீட்டர் கனம். எல்லா வட்டங்களையும் ஒரே அட்டையிலிருந்து வெட்டுவது முக்கியம், ஏனென்றால் கடைசியில் இவற்றை எடைபோடப் போகிறோம். அட்டைக்கு அட்டை கனம் கொஞ்சம் மாறும். மழைக்காலமென்றால் அட்டை ஈரம் இழுத்து எடை கூடிவிடும். ஒரே அட்டை, ஒரே நாளில் எடை என்று வைத்துக்கொண்டால் அந்தத் தொந்தரவு இல்லை.

படத்தில் இருந்த வங்கிகளில் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டேன்: சிட்டிகுரூப், எச்.எஸ்.பி.சி., ஜே.பி.மார்கன், ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து. எச்.எஸ்.பி.சி. 215-லிருந்து 97-க்கு வந்தது. இந்த நான்கிலேயே அதிகம் விழுந்தது, பாதியோடு நின்றது இரண்டும் அடங்கிவிடும்.

முதல் தொகுதி, வந்த படம் எப்படியோ அப்படியே. ஒரு பில்லியனுக்கு ஒரு மில்லிமீட்டர் விட்டம். இரண்டாம் தொகுதி, சரியான முறை. மதிப்பின் வர்க்கமூலத்தை எடுத்து 16-ஆல் பெருக்கினால் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 16 என்று எடுத்ததற்குக் காரணம், 255-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 16. அதனால் சிட்டிகுரூப்பின் பெரிய வட்டம் இரண்டு தொகுதியிலும் ஒரே அளவில் வந்துவிடும், ஒப்பிட வசதி. இந்த முறைப்படி சிட்டியின் சின்ன வட்டம் 70 மில்லிமீட்டர். எச்.எஸ்.பி.சி. 235, 158. ஜே.பி.மார்கன் 206, 148. ஸ்காட்லாந்து வங்கி 175, 34. கணக்குப் போட கைப்பேசியில் இருக்கும் கால்குலேட்டரே போதும்.

ஜியாமெட்ரி பாக்ஸில் வரும் கவராயம் இவ்வளவு பெரிய வட்டத்துக்குத் தாங்காது, கால் விரிந்து நழுவும். நூலும் ஆணியும் வைத்துப் போடலாம் என்பார்கள். நூல் இழுபடும், வட்டம் முட்டை வடிவத்தில் வரும். அதற்குப் பதில் அட்டையிலேயே ஒரு பட்டை வெட்டி, ஒரு முனையில் குண்டூசி, அளவு பார்த்து இன்னொரு துளையில் பென்சில் முனை. இப்படிப் போட்டால் வட்டம் பிசிறில்லாமல் வரும். வெட்டும்போது கட்டரை ஒரே அழுத்தில் இறக்கக் கூடாது. முதல் சுற்றில் மேல்தாள் மட்டும் கீறட்டும், அடுத்தடுத்த சுற்றில் ஆழம். கையை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு அட்டையைத் திருப்பினால் விளிம்பு சுத்தமாக வரும். பெரிய வட்டங்களைப் பையன்களே வெட்டினார்கள்.

முதல் தொகுதியில் ஸ்காட்லாந்து வங்கியின் சின்ன வட்டம்தான் சங்கடம். 4.6 மில்லிமீட்டர், ஒரு உளுந்தை விடக் கொஞ்சம் பெரியது. கட்டரால் வெட்ட முடியாது. தெருமுனையில் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் பெல்ட்டுக்குத் துளை போடும் பஞ்ச் இருக்கிறது. அதில் நாலரை மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு துளை இருந்தது. அட்டையை மரக்கட்டை மேல் வைத்து ஒரே தட்டு. வட்டம் கீழே விழுந்தது. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு "இது இன்னா?" என்று கேட்டார். ஒரு வங்கி என்றேன். எந்த ஊர் வங்கி, ஏன் அப்படி ஆச்சு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பஞ்சை உள்ளே வைத்தார்.

எடைபோட அடகுக் கடைத் தராசு. தங்கம் நிறுக்கும் மின்னணுத் தராசு 0.01 கிராம் வரை காட்டும். மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்துக் கேட்டோம், கடைக்காரர் தாராளமாக விட்டார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னவரும் அவர்தான். பெரிய வட்டம் தட்டை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் காற்று பட்டால் எண் ஆடும். தட்டின் மேல் ஒரு சின்ன டப்பாவைக் கவிழ்த்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, அதன் மேல் வட்டத்தை வைத்தால் எண் நிலையாக நிற்கிறது.

சிட்டியின் பெரிய வட்டம் 32 கிராம் சுமார். வந்த படத்தின்படி வெட்டிய சின்ன வட்டத்தை வைத்ததும் 0.18. சரியான முறைப்படி வெட்டிய சின்ன வட்டம் 2.4 கிராம். ஸ்காட்லாந்து வங்கி முதல் தொகுதியில் 7 கிராம் பெரியது, சின்னதை வைத்தால் 0.01 வந்து உடனே பூஜ்யத்துக்குப் போய், மறுபடி 0.01 வந்தது. தராசுக்கே நிச்சயமில்லை. இரண்டாம் தொகுதியில் 15 கிராமும் 0.57 கிராமும். இதில் ஒரு வசதி தானாகவே அமைந்தது: 32 கிராம் 255 பில்லியன் என்றால் ஒரு கிராம் 8 பில்லியன். இரண்டாம் தொகுதியில் எந்த வட்டத்தை எடைபோட்டு 8-ஆல் பெருக்கினாலும் உண்மையான எண் வருகிறது. முதல் தொகுதியில் வருவதில்லை. இதற்கு மேல் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. கடைக்காரரே இரண்டு வட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த செட்டுல எடை பொய் சொல்லுது" என்றார். தராசை வைத்துப் பிழைக்கிறவர் வாயிலிருந்து வந்த அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இரண்டு தொகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் சுவரில் மாட்டினோம். நான் எதிர்பார்த்தது, சரியான படத்தைப் பார்த்ததும் பதற்றம் அடங்கிவிடும் என்று. முழுக்க அப்படி நடக்கவில்லை, நடக்கவும் வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. 255 மில்லிமீட்டர் வட்டத்தின் மேல் 70 மில்லிமீட்டர் வட்டம் என்பதும் பெரிய வீழ்ச்சிதான். 93 சதவீதம். ஆனால் வட்டம் புள்ளியாகத் தெரிந்தபோது எல்லாரும் 'போச்சு' என்று முடித்துவிட்டார்கள். உள்ளங்கை அளவு வட்டமாகத் தெரிந்தபோது கேள்வி வந்தது. ஏன் ஜே.பி.மார்கன் பாதியோடு நின்றது, ஸ்காட்லாந்து வங்கி ஏன் நிற்கவில்லை?

இதில் தேதிக்கும் பங்கு உண்டு. 2009 ஜனவரி 19-ஆம் தேதி ஸ்காட்லாந்து வங்கி, தன் நஷ்டம் 28 பில்லியன் பவுண்டு வரை போகலாம் என்று அறிவித்தது. அன்று ஒரே நாளில் பங்கு விலை 67 சதவீதம் விழுந்தது. படத்தில் எடுத்தது அடுத்த நாள் விலை. பெரிய வட்டத்துக்கு எடுத்ததோ 2008 நிதி நெருக்கடிக்கு முந்தைய உச்சக் காலம். உச்சத்தையும் பள்ளத்தையும் மட்டும் காட்டினால் இடையில் நடந்தது எதுவும் தெரியாது. வட்டத்தைச் சரியாகப் போட்ட பிறகும் இந்த விஷயம் படத்தில் ஒளிந்தேதான் இருக்கிறது. அதனால் சுவரில் வட்டங்களுக்குக் கீழே தேதிகளைப் பெரிய எழுத்தில் எழுதினோம். யாரும் வெட்டி எடுக்க முடியாதபடி வட்டத்தின் மேலேயே ஸ்கெட்ச் பேனாவால் ஒரு முறை எழுதினோம்.

"நம்ம துட்டு?" என்று கேட்ட அக்காவுக்குப் பதில் சொல்ல வட்டம் உதவாது. அது பங்குதாரர்களின் மதிப்பு, டெபாசிட் போட்டவர்களின் பணம் அதில் இல்லை. இதற்காக ஒரு மீட்டர் நீளப் பட்டை ஒன்று செய்தோம். அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பர் 15 அன்று திவால் மனு கொடுத்தபோது காட்டிய கணக்கு: சொத்து 639 பில்லியன் டாலர், கடன் 613 பில்லியன். ஒரு மீட்டரை 639 என்று வைத்தால் 96 சென்டிமீட்டர் கடன். மிச்சம் 4 சென்டிமீட்டர்தான் சொந்தப் பணம். அந்த 4 சென்டிமீட்டருக்குச் சிவப்புத் தாள் ஒட்டினேன். சொத்தின் மதிப்பு விழுவதைக் காட்ட, பட்டையின் நுனியை மடித்தால் போதும். நான்கு விரல்கூட மடிக்க வேண்டாம், சிவப்பு மறைந்துவிடும். லேமன் நம் தெருமுனை வங்கியைப் போல சேமிப்புக் கணக்கு நடத்திய வங்கி இல்லை, முதலீட்டு வங்கி. ஆனாலும் வங்கித் தொழிலின் உள்ளமைப்பைக் காட்ட இந்தப் பட்டைக்கு இணை இல்லை.

ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் பட்டையை மடித்து, விரித்து, மறுபடி மடித்துப் பார்த்தார். "நம்ம ஆட்டோ லோனுக்கே இதவிட முன்பணம் கேக்குறாங்களே தம்பி" என்றார். அவர் சொன்னதில் ஒரு துளிகூட மிகை இல்லை. அன்று அதன் மேல் வெகுநேரம் பேசினோம். வங்கியின் கணக்கில் நாம் போடும் டெபாசிட் கடன் பக்கத்தில்தான் வரும், ஏனென்றால் வங்கி நமக்குத் திருப்பித் தர வேண்டிய பணம் அது. இது அங்கிருந்த பாதிப் பேருக்குப் புதுச் செய்தி.

டெபாசிட் போட்டவர்கள் பணமும் போகுமா என்றால், போகும், நம் ஊரிலேயே போயிருக்கிறது. கடற்கரைச் சாலையில் இருந்த ஆர்பத்நாட் நிறுவனம் 1906 அக்டோபர் 22 அன்று மூடப்பட்டபோது மெட்ராஸில் ஏராளமானவர்களின் சேமிப்பு அதில் மாட்டிக்கொண்டது. அதன் தலைமைக் கூட்டாளியான சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த அடியிலிருந்து எழுந்ததுதான் 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று தொடங்கிய இந்தியன் வங்கி. பிறகு 1960-இல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்த பிறகு 1962-இல் டெபாசிட் காப்பீடு வந்தது. இப்போது ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி 4 வரை இது ஒரு லட்சமாகத்தான் இருந்தது. சீட்டு நிறுவனங்களிலும் பைனான்ஸ் கம்பெனிகளிலும் போடும் பணத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது. இதைச் சொன்னபோது அறையில் எழுந்த சத்தம், வட்டங்களைப் பார்த்தபோது எழுந்ததை விடப் பெரியது. வடசென்னையில் சீட்டிலும் பைனான்ஸிலும் பணத்தை விட்ட குடும்பம் தெருவுக்குத் தெரு உண்டு. உலக வங்கிகளின் படத்தைப் பார்த்து ஜனங்கள் பதறியதற்கு அந்த அனுபவம்தான் அடித்தளம். அந்தப் பதற்றத்தை அறியாமை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மூன்றாவது பலகை எம்.ஆர்.எஃப். இது பையன்கள் கேட்டு வாங்கியது. திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாகத் தொடங்கிய கம்பெனி, நம் பக்கத்துப் பெருமை. 2023 ஜூனில் அதன் ஒரு பங்கின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. பங்கு விலைகளை வரிசைப்படுத்திய படங்களைப் பார்த்துவிட்டு, இந்தியாவிலேயே பெரிய கம்பெனி இதுதான் என்று அடித்துப் பேசினார்கள்.

ஒரு லட்சத்துக்கு ஒரு மீட்டர் என்று எம்.ஆர்.எஃப்.க்கு ஒரு பட்டை. அதே சமயத்தில் பாரத ஸ்டேட் வங்கியின் பங்கு 570 ரூபாய்க்கு அக்கம்பக்கம் இருந்தது. அதே அளவுகோலில் ஆறு மில்லிமீட்டர்கூட வராது. பிடித்துக்கொள்ள இடமில்லாததால் வேறொரு அட்டைத் துண்டில் ஒட்டி மாட்ட வேண்டியிருந்தது. அப்புறம் எத்தனை பங்கு என்று பார்த்தோம். எம்.ஆர்.எஃப். 42 லட்சம் சொச்சம். ஸ்டேட் வங்கி சுமார் 892 கோடி. விலையைப் பங்கு எண்ணிக்கையால் பெருக்கினால் எம்.ஆர்.எஃப். 42,000 கோடி சொச்சம், ஸ்டேட் வங்கி 5 லட்சம் கோடி. இப்போது ஸ்டேட் வங்கிக்கு ஒரு மீட்டர் பட்டை வைத்தால் எம்.ஆர்.எஃப்.க்கு எட்டு சென்டிமீட்டர் சொச்சம். இரண்டு ஜோடியையும் மேலும் கீழுமாக ஒட்டினோம். கணக்கை ஒரு பையன் கரும்பலகையில் பெருக்கிக் காட்டினான், பூஜ்யங்களை எண்ணுவதில் மற்றவர்களுக்குள் நல்ல சண்டை.

எது 'பெரிய' வங்கி என்ற வாதமும் இதன் பின்னாலேயே வந்தது. சொத்துக் கணக்கில் உலகின் முதல் நான்கும் சீன வங்கிகள், ஐ.சி.பி.சி. முதலிடம். சந்தை மதிப்பில் ஜே.பி.மார்கன் முதலிடம். எதை வைத்துப் பெரிது என்று தலைப்பில் எழுதாத படத்தை இனிமேல் குழுவில் போடுவதில்லை என்று பையன்களே முடிவெடுத்தார்கள்.

செய்ய நினைப்பவர்களுக்குச் சில குறிப்பு. பெவிகால் தடவி ஒட்டினால் மெல்லிய அட்டை காயும்போது வளையும். ரப்பர் பசை தேவலாம், எடுத்து மாற்றி ஒட்டவும் முடியும். எடைபோட வேண்டிய வட்டங்களுக்கு வண்ணம் பூச வேண்டாம், பூச்சும் எடை ஏற்றும். விளிம்பில் மட்டும் ஸ்கெட்ச் பேனா போதும். வட்டங்களைச் சுவரில் நிரந்தரமாக ஒட்டாமல் ஆணியில் தொங்கவிடுங்கள். கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால்தான் பேச்சு வளர்கிறது.

போன வாரம் மகளிர் குழு அக்கா பாஸ்புக்கையும் குழுவின் வரவு செலவு நோட்டையும் கொண்டுவந்து வைத்தார். "எங்க கணக்கையும் இதே மாதிரி பட்டையாப் போட்டுக் குடு தம்பி, யாரு எவ்ளோ தரணும்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்றார். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவு வைத்திருக்கிறோம். உறுப்பினர்களுக்குள் கொடுத்த கடன் ஒரு பட்டை, வங்கியில் வாங்கிய கடன் ஒரு பட்டை, குழுவின் சேமிப்பு ஒரு பட்டை. தவணை தவறிய கடனை எந்த நிறத்தில் காட்டுவது என்பதில் இன்னும் பேச்சு நடக்கிறது. பேர் போடக் கூடாது என்பது மட்டும் முடிவாகிவிட்டது.